செண்டுமல்லியின் தாயகம்

சென்ற அக்டோபர் மாதத்தில், மூன்றாம் வகுப்புத் தங்கைகளுக்கு மெக்சிகோ நாட்டைப் பற்றிச் சொல்லித்தரும் பொறுப்பு பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்குக் கிடைத்தது. அந்நாட்டவர் பேசும் ஸ்பானிஷ் மொழியில் எங்களுக்கே பத்துச் சொற்கள்தாம் தெரியும்!

"புவெனோஸ் தியாஸ்" என்றால் காலை வணக்கம். "கிராசியாஸ்" என்றால் நன்றி. கிளிப்பிள்ளைகளாய்த் திருப்பிச் சொன்னார்கள். அம்மாவை "மமா" என்பார்கள் என்றதும், "மாமாவா!" என்று வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஒரு சிறுமி மட்டும் சிரிக்கவில்லை. அவள் தாயை இழந்து நான்கு மாதங்களே ஆகியிருந்தன என்பதை நாங்கள் அறியோம்.

நவம்பர் 1, 2 தேதிகளில் மெக்சிகோ மக்கள் இறந்தோரை நினைவுகூரும் விழாவைப் பற்றிச் சொன்னோம். வீட்டில் பீடம் அமைத்து, இறந்தவரின் படத்தோடு தண்ணீர், ரொட்டி, அவர் விரும்பிய உணவு எல்லாம் வைப்பார்கள். அவருக்கு வழிகாட்டச் செண்டுமல்லி இதழ்களைத் தூவுவார்கள். நம் ஊர்ச் செண்டுமல்லிக்கும் தாயகம் மெக்சிகோதான். 2008-இல் யுனெஸ்கோ இவ்விழாவை மனிதகுல மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

அச்சிறுமி எழுந்தாள். "அக்கா, அங்கே செத்துப்போன அம்மா வீட்டுக்கு வருவாங்களா?"

திகைத்து நின்றோம். பொய் சொல்ல மனம் வரவில்லை.

"வருவாங்கன்னு நினைச்சு, அவங்களுக்குப் பிடிச்சதைச் செய்து வைப்பாங்கம்மா" என்றோம்.

"எங்க அம்மாவுக்குச் சுண்டல் பிடிக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டாள்.

கல்லறைத் திருநாளன்று அவளைக் கல்லறைத் தோட்டத்தில் கண்டோம். ஒரு கையில் செண்டுமல்லி. மறு கையில் சுண்டல் பொட்டலம். எங்களைக் கண்டதும் ஓடி வந்து, "கிராசியாஸ், அக்கா" என்றாள்.

நாங்கள் கற்பித்த பத்துச் சொற்களில் ஒன்றேனும் வீண்போகவில்லை.