வேலையும் தொழிலும்

சென்ற ஆண்டு, எமது கல்லூரியில் உயர்தர வகுப்பிற் பயிலும் மாணவர் ஒருவர் எனக்குக் கடிதமொன்று எழுதியிருந்தார். "ஐயா, தாங்கள் வாழும் பகுதி அமெரிக்காவில் மிக விரைவாக வளர்ந்த பகுதிகளுள் ஒன்றென வாசித்தேன். அங்கே வேலைவாய்ப்பும் பெருகியுள்ளதாம். நான் எதைப் படித்தால் அங்கு வந்து பிழைக்கலாம்?" என்பது அக்கடிதத்தின் சாரம். இரண்டு வரியில் மறுமொழி எழுதிவிடலாமென்று பேனாவை எடுத்தேன். எழுதத் தொடங்கிய பின்னரே அவ்வினாவின் விடை இரண்டு வரியில் அடங்காதென்பது புலனாயிற்று. விழா மலருக்கு ஏதேனும் எழுதுமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டதும் அவ்வேளையிலேயே. ஆகவே அம்மாணவருக்கென எழுதத் தொடங்கியதை எல்லோர்க்கும் பொதுவாக இங்கே எழுதலானேன்.

யான் வாழும் பகுதி கலிபோர்ணியா மாநிலத்தின் தென்பாகத்தில், லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 60 மைல் தொலைவில் உள்ளது. றிவர்சைட், சான் பேர்ணாடினோ என்னும் இரண்டு மாவட்டங்களையும் சேர்த்து 'இன்லண்ட் எம்பயர்' என்பார்கள். 'உள்நாட்டுப் பேரரசு' என்பது அதன் பொருள். பெயரிலே பேரரசு இருப்பினும் அங்கே கடலுமில்லை, துறைமுகமுமில்லை. மேற்கே நகரின் புறஞ்சேரிகளும் கிழக்கே பாலைவனமும் வடக்கே உயர்ந்த மலைகளுமே எல்லைகள். 1990இல் இவ்விரு மாவட்டங்களிலும் வாழ்ந்தோர் ஏறக்குறைய 26 இலட்சம். 2020இல் 46 இலட்சம். 2012ஆம் ஆண்டுக் குடிசனமதிப்பின்படி எமது வடமாகாணம் முழுவதிலும் வாழ்ந்தோர் ஏறக்குறையப் பத்தரை இலட்சம் என்பதை நினைத்தால் அவ்வளர்ச்சியின் அளவு விளங்கும். நம் மாகாணத்தைப் போல் இருமடங்கு மக்கள் முப்பதே ஆண்டுகளில் அங்கு புதிதாகச் சேர்ந்துள்ளனர்.

அவர்களுள் யானும் ஒருவன். 1989இல் அங்கே ஒரு வீடு வாங்கினேன். எனக்கு வேலை லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில். அந்நகரில் வீடு வாங்க என் சம்பளம் இடங்கொடுக்கவில்லை. கிழக்கே போகப் போக வீடு மலிவு, அவ்வளவுதான் காரணம். அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டு, இரவு ஏழு மணிக்குப் பின் வீடு திரும்புவேன். நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலம் பெருந்தெருவிற் கழிந்தது. பிள்ளைகளின் முகத்தை அவர்கள் உறங்கும்போது பார்த்த நாட்களே மிகுதி. என்னைப்போல் நாள்தோறும் மேற்கே போனவர்கள் இலட்சக்கணக்கினர். அன்று யான் கற்ற முதற்பாடம் இதுவே: வீடுகள் பெருகுவதனால் மட்டும் ஊர் வளர்ந்ததாகாது. குடிகள் இரவில் வந்து உறங்கிவிட்டுப் போகும் ஊர் ஒரு சத்திரத்துக்கு ஒப்பானது.

எனினும் அவ்வூர் எக்காலமும் சத்திரமாயிருந்ததில்லை. அதன் பழைய கதையை யான் ஓய்வு பெற்ற பின்னரே ஆறுதலாகப் படித்தறிந்தேன். 1873ஆம் ஆண்டளவில் எலைசா திபெற்ஸ் என்னும் அம்மையார், பிறேசில் நாட்டிலிருந்து வந்த விதையற்ற தோடை இனத்தின் கன்றுகளை றிவர்சைட்டில் நட்டார். அவற்றிலிருந்து ஒட்டுக்கட்டிய கன்றுகள் பரவி, அப்பள்ளத்தாக்கு முழுவதும் தோடந்தோட்டமாயிற்று. அம்மூலமரங்களுள் ஒன்று இன்றும் வேலியிட்டுக் காக்கப்பட்டு அந்நகரில் நிற்கின்றது. 1907இல் தோடை ஆராய்ச்சி நிலையமொன்று அங்கே நிறுவப்பட்டது. அதையே அடித்தளமாகக் கொண்டு 1954இல் பல்கலைக்கழகக் கல்லூரியொன்று மாணவரைச் சேர்க்கத் தொடங்கிற்று. அக்காலத்தைப் பொற்காலமென்று யான் புகழவில்லை. பழம் பறித்த சீனரும் யப்பானியரும் மெக்சிக்கரும் தோட்ட முதலாளிகளின் செல்வத்திற் பங்கு கண்டவர்களல்லர். ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். அந்தப் பழம் தன்னைச் சுற்றி ஓர் அறிவை வளர்த்தது. நீர்ப்பாசனம், ஒட்டுக்கட்டல், பூச்சியியல், பழங்களைப் பழுதின்றித் தொலைதூரம் அனுப்பும் முறை ஆகிய யாவும் அம்மண்ணிலேயே கற்கப்பட்டன, கற்பிக்கவும் பட்டன.

அடுத்து வந்தது உருக்கு. இரண்டாம் உலக யுத்தக் காலத்தில், கப்பல் கட்டுவதற்கு வேண்டிய உருக்குத் தகட்டின் பொருட்டு, 1942இல் பொன்டானா என்னும் ஊரிலே கைசர் உருக்காலை எழுந்தது. ஆயிரக்கணக்கானோர் அங்கே உருக்குதலும் பொருத்துதலும் கற்றுக் கைத்தேர்ச்சி பெற்றனர். தந்தை கற்ற தொழிலை மகனும் கற்றான். அவ்வாலையின் புகை ஊரை மூடியது. எனினும் அவ்வாலைச் சம்பளம் குடும்பங்களைத் தலைநிமிர்த்தியது. வெளிநாட்டு உருக்கின் போட்டிக்கு ஈடுகொடுக்க இயலாமல் 1983இல் அந்நிறுவனம் ஆலையை மூடிற்று. உருக்குத் தகடு உருட்டும் பகுதி மட்டும் வேறு கைக்கு மாறித் தொடர்ந்தது. பதினோராண்டு கழித்து, 1994இல், சான் பேர்ணாடினோவிலிருந்த நோட்டன் விமானப்படைத் தளமும் மூடப்பட்டது. யான் குடியேறிய காலத்தில் அப்பகுதி இவ்வாறு ஒரு கையை இழந்து மறுகையையும் இழக்கும் நிலையிலிருந்தது.

இழந்த கைகளுக்கு ஈடாக வீடு கட்டும் தொழில் வந்தது. 2000க்குப் பின் தோட்டமிருந்த இடமெல்லாம் வீடாயிற்று. வீட்டு விலை ஆண்டுதோறும் ஏற, ஏறும் விலையை நம்பி வங்கிகள் கடன் கொடுத்தன. கடனை நம்பி மக்கள் வீடு வாங்கினர். என் அண்டைவீட்டார் ஒரு தச்சர். மெக்சிக்க வமிசத்தவர், கடுமையான உழைப்பாளி. பிறர் வீடுகளுக்குக் கூரைச்சட்டம் பூட்டிச் சம்பாதித்த பணத்தில் தாமும் ஒரு வீடு வாங்கியிருந்தார். 2007இல் விலை சரியத் தொடங்கியது. சில ஆண்டுகளுள் ஏறக்குறையப் பாதியாயிற்று. வீடு கட்டுவார் இல்லாதபோது தச்சருக்கு வேலையில்லை; வேலையில்லாதபோது ஈட்டுக் கடன் கட்ட வழியில்லை. 2009இல் வங்கி அவர் வீட்டை எடுத்துக்கொண்டது. அவர் அதே தெருவின் கோடியில் வாடகைக்குக் குடிபோனார். 2010இல் அப்பகுதியின் வேலையின்மை நூற்றுக்கு 14 வீதத்தைத் தாண்டியது. 2012இல் சான் பேர்ணாடினோ நகரசபையே கடனிறுக்க வகையின்றி நீதிமன்றத்தை நாடியது.

அந்த இருளிலேதான் களஞ்சியசாலைகள் வந்தன. லொஸ் ஏஞ்சல்ஸ், லோங் பீச் என்னும் இரட்டைத் துறைமுகங்கள் வழியாக, அமெரிக்காவிற்குக் கொள்கலங்களில் வரும் இறக்குமதிப் பண்டங்களில் மூன்றிலொரு பங்களவு இறங்குகின்றது. அவற்றைப் பிரித்து அடுக்கி, நாடெங்கும் அனுப்புவதற்குப் பரந்த தரை வேண்டும். அத்தரை எமது பகுதியில் மலிவாகக் கிடைத்தது. பெருந்தெருக்களும் புகையிரதப் பாதைகளும் மலைக்கணவாய் வழியாக அங்கிருந்தே கிழக்கு நோக்கிச் செல்கின்றன. அமசோன் நிறுவனம் 2012இல் சான் பேர்ணாடினோவிலே பெருங் களஞ்சியமொன்றைத் திறந்தது. இன்று அவ்விரு மாவட்டங்களிலும் ஏறக்குறைய 4,000 களஞ்சியசாலைகள். அவற்றின் தரைப்பரப்புச் சுமார் 100 கோடி சதுர அடி. பத்து இலட்சம் சதுர அடி கொண்ட ஒரு களஞ்சியத்தை நமது கணக்கிற் சொன்னால், 360 பரப்புக் காணிக்கு மேல் ஒரே கூரை!

இங்கே என்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். எங்கள் வட்டாரத்தில் அத்தகைய களஞ்சியமொன்று கட்டுவது குறித்து நகரசபை பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. பள்ளிக்கூடத்துக்கு அருகே லொறிகள் வருமென்று சில தாய்மார் அழுதும் வாதாடியும் எதிர்த்தனர். யான் எழுந்து ஆதரித்துப் பேசினேன். "இருபதாண்டுக்கு மேலாக வேலை தேடி மேற்கே ஓடினோம், இன்று வேலை எம்மைத் தேடி வருகின்றது, கதவை அடைக்கலாமா?" என்றேன். பலர் கைதட்டினர். என் பேச்சினால் மட்டும் அது கட்டப்பட்டதென்று சொல்லேன். ஆயினும் அக்கைதட்டல் பின்னாளில் என் செவியில் இனிமையாக ஒலிக்கவில்லை.

தச்சரின் மகன் அக்களஞ்சியத்திலே வேலைக்குச் சேர்ந்தான். அவனுக்கு வயது 18. அவனை வேலைக்கமர்த்தியது களஞ்சியத்துக்குரிய நிறுவனமன்று. ஆட்களைத் திரட்டிக் கொடுக்கும் முகவர் ஒருவர். பண்டிகைக் காலத்தில் வாரம் அறுபது மணித்தியால வேலை. அது கழிந்ததும், "அழைக்கும்போது வா" என்பார்கள். கையிற் கட்டிய சிறுகருவி ஒவ்வொரு பொருளையும் எத்தனை நொடியில் எடுத்தானென்று கணக்கிட்டது. தண்ணீர் குடிக்கப் போனாலும் கணக்குக் குறைந்தது. மூன்றாண்டில் முதுகு நோவும் பிடித்தது. ஒருநாள் மாலை என் வாயிற்படியில் அமர்ந்து அவன் சொன்னது இது: "ஐயா, மூன்று வருடத்துக்கு முன் முதல்நாட் காலையில் எனக்கு என்ன தெரிந்ததோ, அதுவே இன்றும் தெரியும்." சம்பளம் குறைவென்று அவன் சொல்லவில்லை, முதுகு நோவைக் கூட முறையிடவில்லை. மூன்றாண்டும் தன்னை வளர்க்காமற் போயிற்றென்பதே அவன் குறை.

அன்றுதான் வேலைக்கும் தொழிலுக்குமுள்ள வேறுபாடு எனக்குத் தெளிவாயிற்று. வேலை கைக்குக் கூலி கொடுக்கும். தொழில் கூலியோடு வித்தையும் கொடுக்கும். தொழில் போனாலும் வித்தை கையில் நிற்கும். வேலை போனால் வெறுங்கையே மிஞ்சும். ஓர் ஊருக்கு எத்தனை வேலைகள் வந்தன என்பதையே அரசினரும் பத்திரிகையாளரும் எண்ணுகின்றனர். ஐந்தாண்டு அங்கே உழைத்தவன் ஐந்தாண்டு முன்னிருந்ததிலும் வல்லவனாயினானா என்று எண்ணுவார் இல்லை. நகரசபையிற் பேசிய யானும் அதை எண்ணவில்லை.

ஒரு நீதியையும் சொல்லாமல் விடலாகாது. களஞ்சியங்கள் இல்லாதிருந்தால் 2010இன் வறுமையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் மீண்டிரா. குறைகளைத் திருத்தவும் முயற்சிகள் நடந்துள்ளன. களஞ்சியத் தொழிலாளருக்கு விதிக்கும் வேலையளவு உணவு ஓய்வையும் இயற்கைக் கடனையும் தடுக்கலாகாதென்று கலிபோர்ணியா மாநிலம் 2021இல் சட்டம் இயற்றியது. லொறிகளின் புகையைக் குறைக்க அதே ஆண்டில் விதி பிறந்தது. சான் பேர்ணாடினோ மாவட்டத்தின் காற்று ஓசோன் மாசினால் அந்நாட்டிலேயே மிகக் கெட்டதென்று பல்லாண்டு பேரெடுத்தது. ஆனால் சட்டம் வேலையின் கொடுமையைத் தணிக்கலாம். வேலையைத் தொழிலாக்கும் ஆற்றல் கல்விக்கே உண்டு.

அதற்குச் சான்றும் அவ்விளைஞனே. பொன்டானாவில், பழைய உருக்காலை நிலத்திலேயே, சாபி கல்லூரி என்னும் உள்ளூர்க் கல்லூரி 2016இல் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தைத் திறந்தது. அவன் அங்கு சேர்ந்து, மின்னியக்கப் பொறிகளைப் பழுதுபார்க்கக் கற்றான். களஞ்சியங்களில் மனிதர் செய்தவற்றை இன்று பொறிகள் செய்கின்றன. அப்பொறிகள் பழுதானால் அவனைத்தான் அழைக்கின்றனர். முன்பு எந்தக் கூரையின் கீழ் ஓடினானோ, அதே கூரையின் கீழ் இன்று தலைநிமிர்ந்து நடக்கின்றான். எல்லோர்க்கும் இது வாய்க்கவில்லை. நூறு பேர் பொருளெடுத்த இடத்தில் நூறு பேர் பொறி திருத்த முடியாது என்பதையும் யான் மறக்கவில்லை.

இனி நம் ஊருக்கு வருவேன். "கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்" என்பது யாழ்ப்பாணத்தார் வழக்கு. யான் கல்லூரியிற் படித்த காலத்தில் அதை வேதவாக்காகவே கொண்டோம். எழுதுவினைஞர் உத்தியோகமே எங்கள் தோடந்தோட்டம். அதுவே எங்கள் உருக்காலை. 1956இன் மொழிச்சட்டமும் 1970களின் தரப்படுத்தலும் அக்கதவைச் சாத்தியபோது நாம் திகைத்தோம். 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையும் 1990இல் போரினால் நின்றது. ஆனால் அங்கே பொறிவேலை பழகியவர்கள் பிற நாடுகளிற் போய் அவ்வித்தையினாலே வாழ்ந்ததை யான் நேரிற் கண்டிருக்கிறேன். ஆலை நின்றது, வித்தை நிற்கவில்லை. ஒரே வாயிலை நம்பி வாழும் ஊருக்கு, அவ்வாயில் அரசாங்கமாயினும் களஞ்சியமாயினும் கதி ஒன்றே. திறவுகோல் வேறொருவர் கையில் இருக்கின்றது.

ஆகவே, தம்பி, எந்த நாட்டிலே வேலை பெருகியுள்ளதென்று என்னைக் கேளாதே. பெருகிய வேலை குறைவதை ஓர் ஆயுளில் இருமுறை கண்டவன் யான். இயற்பியலோ கணக்கியலோ பயிர்ச்செய்கையோ, எதை விரும்பினாலும் அதைக் கையாலும் செய்து பார்க்கும் அளவுக்குக் கற்றுக்கொள். பின்னர் எங்கே போனாலும், வேலை கொடுப்பவரிடம் சம்பளத்தைக் கேட்ட பின் இன்னுமொன்றைக் கேள்: "ஐந்து வருடம் இங்கு உழைத்தால் என்ன கற்றிருப்பேன்?" அவர் மறுமொழி சொல்லத் தடுமாறினால், அங்கே அதிக காலம் தங்காதே. நாளை நம் மண்ணிலே பெருந்தொழில்கள் அமைக்க யாரேனும் வந்து பொதுமக்கள் கருத்தைக் கேட்கும்போதும் அதே கேள்வியை எழுந்து நின்று கேள். அன்று யான் அந்தச் சபையிலே கேட்கத் தவறிய கேள்வி அது.