வேலியை மேயும் பசுக்கள்

பயிரை மேய்ந்த வேலியைப் பற்றிய பழமொழியை வாசகர் யாவரும் அறிவர். வேலியை மேய்ந்து பால் சொரியும் பசுவைக் காண விரும்புவோர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வருதல் வேண்டும். உயர்தர வகுப்பில் விவசாய விஞ்ஞானம் பயிலும் மாணவர் இருபத்திருவரை அழைத்துக்கொண்டு, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் விடியுமுன்பே பருத்தித்துறை வீதி வழியாகப் புறப்பட்டோம். பால்மாடு வளர்ப்பை நேரிற் கண்டு குறிப்பெழுதி வருவதே அன்றைய நோக்கம். பரந்த புற்றரையிலே கொழுத்த பசுக்கள் நிற்கும் படங்களைப் பார்த்துப் பழகிய மாணவர்கள், கோப்பாயைத் தாண்டுமுன்பே, "புல் எங்கே சேர்?" என்று கேட்கத் தொடங்கிவிட்டனர்.

கேள்வி நியாயமானதே. ஏறத்தாழ ஆயிரம் சதுர கிலோமீற்றர் பரப்புடைய இக்குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. ஐப்பசியிலிருந்து மார்கழி வரை பெய்யும் மழையைச் சுண்ணக்கற்பாறை உறிஞ்சி வைத்திருக்கிறது. அதைக் கிணற்றிலிருந்து இறைத்தே வாழையும் வெங்காயமும் புகையிலையும் விளைவிக்கிறார்கள். அவ்வாறு பாடுபட்டு இறைத்த நீரைப் புல்லுக்குப் பாய்ச்ச எவருக்கு மனம் வரும்?

நீர்வேலியில் ஒரு குறுக்கொழுங்கையின் முடிவில் நாம் முதலிற் சென்ற வீடு இருந்தது. வீட்டுக்கார ஆச்சிக்கு வயது எழுபதுக்கு மேல். ஜேர்சிக் கலப்புப் பசு ஒன்றும் அதன் கன்றுமே அவருடைய பண்ணை. கன்றை ஊட்டவிட்டு, மடி சுரந்ததும் பிடித்துக் கட்டிவிட்டுச் செம்பை எடுத்துக் குந்தினார். நாமோ கொட்டிலைச் சுற்றி வளைத்து நின்றோம். நாலு பீர் பீய்ச்சியதும் பால் நின்றுவிட்டது. பசு காதுகளை விறைத்துக்கொண்டு எம்மையே பார்த்தது.

"பெண் பார்க்க வந்த ஆக்கள் மாதிரி இவ்வளவு பேரும் சுத்திநிண்டால் அது என்ன செய்யும், பிள்ளையள்? கொஞ்சம் அங்காலை போங்கோ" என்றார் ஆச்சி.

வகுப்பறையில் ஒரு மணி நேரம் விளக்கியும் பதியாத பாடம் அங்கே ஒரு கணத்தில் விளங்கியது. கன்று முட்டும்போது பசுவின் மூளையிலிருந்து சுரக்கும் ஒட்சிற்றோசின் என்னும் ஓமோன் இரத்தத்தின் வழியே மடியை அடைந்து பாலை இறக்குகிறது. அதன் வேகம் சில நிமிடங்களே நிற்கும். பசு வெருண்டால் அட்ரினலின் சுரந்து அந்த வேலையைத் தடுத்துவிடும். நாள்தோறும் காலையில் ஐந்து லீற்றர் தரும் பசு அன்று மூன்று லீற்றரோடு முடித்துக்கொண்டது. அந்த இரண்டு லீற்றர் நட்டத்துக்கு நாமே காரணம் என்பதை எண்ணி மிகவும் வெட்கினோம். ஆச்சியோ அதைப் பொருட்படுத்தாது எல்லோருக்கும் தேநீர் வைத்தார்.

பின்னர்த் தீன் போடும் நேரம். ஆச்சி கொக்கத்தடியை எடுத்துக்கொண்டு மேற்குப்புற வேலிக்கு நடந்தார். பூவரசு, கிளுவை, முள்முருக்கு, சீமைக்கிளுவை ஆகியவை கதியாலாக நாட்டப்பட்டு மரமாகித் தழைத்த வேலி அது. சீமைக்கிளுவையை வெட்டியவுடன் போடாமல் அரை நாள் வாடவிட்டுப் போடுவாராம். பச்சையாகப் போட்டால் அதன் மணத்துக்குப் பசு முகஞ்சுழிக்கும். வைக்கோலில் நூற்றுக்கு நாலு பங்களவே புரதம். காய்ந்த சீமைக்கிளுவை இலையிலோ இருபது பங்களவு உண்டு. பள்ளிக்கூடம் காணாத ஆச்சிக்கு இந்தக் கணக்குத் தெரியாது. ஆயினும் வைக்கோலுடன் குழையையும், ஊறவைத்த எள்ளுப் பிண்ணாக்கையும், கிழித்த பனையோலையையும் அவர் கலந்து வைத்த அளவைக் குறித்துக்கொண்ட மாணவர்கள், பாடநூல் அட்டவணையோடு ஒப்பிட்டு வியந்தார்கள். ஆவணியிலே பனம்பழமும் சேருமாம். வாரப்படாத தலையைப் பார்த்து, "மாடு சூப்பின பனங்கொட்டை" என்று வீட்டிலே ஏச்சு வாங்கிய பையன் ஒருவனை எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

ஏனைய மூன்று பக்கமும் புதிய சீமெந்து மதில். கனடாவிலிருக்கும் மகன் அனுப்பிய பணம். ஆண்டுதோறும் வேலியடைக்க ஓலையும் கூலியாளும் கிடைப்பது அரிதாகிவிட்டது. தனித்திருக்கும் தாயாருக்குக் காவலும் வேண்டும். மகனைக் குறைசொல்ல இடமில்லை. மேற்குப் புறத்து மதில் சித்திரையிற் கட்டுவதாக ஏற்பாடு.

"மதில் கட்டினால் பசுவுக்கு என்ன போடுவியள், ஆச்சி?" என்று மாணவி ஒருத்தி கேட்டாள்.

"அதைத்தான் பிள்ளை நானும் இரவிரவா யோசிக்கிறன்."

சிறிது நேரம் கழித்து அவராகவே 1995ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்துக் கதையைச் சொன்னார். வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி நடந்தபோது, கட்டையிற் கட்டிய பசு பட்டினியாற் செத்துப்போகுமே என்று கயிற்றை அறுத்துவிட்டுப் போனாராம். மறு ஆண்டு திரும்பி வந்தபோது கொட்டில் வெறுமையாகக் கிடந்தது. அந்த ஆண்டுகளில் ஊரெங்கும் கட்டாக்காலிகள் திரிந்தன. அவற்றுள் தம்முடைய பசு இருக்குமோ என்று நெற்றிச் சுட்டியைப் பார்த்துப் பார்த்து அலைந்தாராம். "இன்னொருக்கால் ஒரு மாட்டை என்ரை கையாலை அவிட்டுவிட மாட்டன்" என்றார்.

அடுத்துச் சென்ற பால் சேகரிப்பு நிலையத்தில் அதிக நேரம் நிற்கவில்லை. பாலமானியை மிதக்கவிட்டு 28க்கும் 32க்கும் இடையில் அளவு நிற்கிறதா என்று பார்ப்பதையும், கொழுப்பின் அளவுக்கேற்ப விலை வைப்பதையும், 4 பாகைக்குக் குளிரூட்டுவதையும் மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். ஆச்சியின் பாத்திரமும் துவிச்சக்கரவண்டியில் வந்து சேர்ந்தது. மூன்று லீற்றர்.

புத்தூருக்கு அப்பால் ஒரு தோட்டக்காரர் வேறு வழி காட்டினார். கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய கோ-3 என்னும் புல்லை இரண்டு பரப்பில் நட்டு, கொட்டில் கழுவிய நீரையே பாய்ச்சி, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை அறுக்கிறார். சாணமும் மூத்திரமும் கலந்த அந்நீரைப் புல் உண்ணாவிடின், அதிலுள்ள நைத்திரேற்றுச் சுண்ணக்கல் வழியே கிணற்றுக்குத்தான் இறங்கும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு பரப்புக் காணிக்கு ஆச்சி எங்கே போவார்? அவருடைய வளவே அவ்வளவுதான். மதில் ஓரமாக ஒரு வரிசை சீமைக்கிளுவை நட இடம்விடலாமே என்று மாணவர்கள் தமக்குள் விவாதித்தார்கள். மேசனிடம் இரண்டு அடி உள்ளே தள்ளி அத்திவாரம் வெட்டச் சொன்னால் வேலி தப்பும் என்றான் ஒருவன். இரண்டு அடியை அயலானுக்கு விட்டுக்கொடுக்க யாழ்ப்பாணத்தில் எவர் சம்மதிப்பர் என்றான் மற்றவன். வேலிச் சண்டையால் வழக்குமன்றம் நிறைந்த ஊரல்லவா!

ஆயினும் திரும்பும் வழியில் நீர்வேலியில் வண்டியை நிறுத்தச் சொல்லி, இருவர் அந்த யோசனையை ஆச்சியிடம் சொல்லிவிட்டு வந்தார்கள். மகனோடு கதைத்துப் பார்ப்பதாகச் சொன்னாராம்.

பின்னர் சன்னலோரத்து மாணவன் ஒருவன் வீதியின் இருபுறமும் மதில்களையும் உயிர்வேலிகளையும் தனித்தனியே எண்ணிக் குறிக்கலானான். கோப்பாய்க்கு வருமுன் மதிற் கணக்குத் தாளின் மறுபக்கத்துக்குப் போய்விட்டது.