பெயர் தெரியாத ஒரு கார்டு

1/ ஜி.ஹெச். கேஷுவாலிட்டியில 'பெயர் தெரியாத ஆண், வயது சுமார் 60'னு எழுதி எத்தனையோ பேரை அட்மிட் பண்ணியிருக்கேன். மச்சம், தழும்புன்னு 2 அடையாளம் குறிப்போம். போன மாசம் அதே வேலையை ஒரு பழைய கம்ப்யூட்டர் கார்டுக்குப் பண்ண வேண்டி வந்தது. கொஞ்சம் நீளமான த்ரெட்.

2/ அப்பா 90-களில் வீட்டு முன் அறையில் ஜாப் டைப்பிங் சென்டர் நடத்தினார். போன வருஷம் ஸ்ட்ரோக். நாம சொல்றது புரியும். பேசவோ எழுதவோ வராது. பரணைச் சுத்தம் பண்ணும்போது அந்தக் கார்டைக் காயலான் கடை மூட்டையில் போட்டேன். அப்பா என் கையைப் பிடிச்சு இழுத்து, திரும்ப எடுக்க வெச்சார். என்ன கார்டு அது? அவரால் தலையாட்டத்தான் முடியும். சரியான கேள்வியை நான்தான் கண்டுபிடிக்கணும்.

3/ முதல் விதி: என்னன்னு தெரியாம கரண்ட் கொடுக்கக் கூடாது. பழைய டான்டலம் கெபாசிட்டர் ஷார்ட் ஆகி வெடிக்கலாம். நோயாளி மாதிரிதான், முதல்ல கண்ணால பார்க்கணும்.

4/ அடியில் தங்க நிறப் பற்கள், பக்கத்துக்கு 31, மொத்தம் 62. 1981-ல் வந்த ஐபிஎம் பிசியின் 8-பிட் ஸ்லாட்டுக்கானது. 1984-ல் வந்த 16-பிட் வகைன்னா பக்கத்திலேயே இன்னொரு 36 இருக்கும்.

5/ சிப் மேல 4 இலக்க எண்கள். 9107னா 1991-ன் 7-வது வாரம். இருக்கிறதிலேயே கடைசித் தேதிக்கு அப்புறம்தான் கார்டு செஞ்சிருப்பாங்க. அமெரிக்காவில் விற்கிற பொருள்களில் இருக்கும் எஃப்சிசி எண் இதில் இல்லை. கம்பெனி ஸ்டிக்கரும் உதிர்ந்து போச்சு. "மோடமா? சவுண்டா? நெட்வொர்க்காப்பா?" எல்லாத்துக்கும் 'இல்லை'. கோபம் வேற.

6/ சில சிப்புகளின் முதுகில் ஸ்டிக்கர், அதுக்குக் கீழே குட்டிக் கண்ணாடி ஜன்னல். ஈப்ராம். புற ஊதா வெளிச்சம் பட்டா உள்ளே இருக்கிறது அழியும், அதனால ஸ்டிக்கரைப் பிரிக்கக் கூடாது. எலக்ட்ரானிக்ஸ் கடை நண்பர் ஒருத்தர் ரீடரில் போட்டு உள்ளடக்கத்தை எடுத்துக் கொடுத்தார். 0-க்கு வெள்ளை, 1-க்குக் கறுப்புன்னு கட்டம் வரைஞ்சு, அகலத்தை மாத்தி மாத்திப் பார்த்தேன். நைட் ட்யூட்டி முடிஞ்ச ஒரு காலையில், ஸ்கிரீனில் 'ழ' தெரிஞ்சது.

7/ ஐஐடி கான்பூரில் தொடங்கி, புனே சிடாக் வளர்த்த தொழில்நுட்பம் ஜிஸ்ட். டாஸ் காலத்தில் அந்தக் கார்டைச் செருகினா இங்கிலீஷ் ப்ரோக்ராம்களிலேயே இந்திய மொழிகளில் அடிக்கலாம். "ஜிஸ்ட் கார்டாப்பா? இதுலதான் தமிழ் அடிச்சீங்களா?" தலையாட்டினார். இடது கையால மேசையில் டைப் அடிச்சுக் காட்டினார். வலது கை மடியிலேயே கிடந்தது.

8/ அன்னைக்கு நான் ட்யூட்டியில் இருந்தேன். 'தூங்கினா சரியாகும்'னு வீட்டில் நினைச்சாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனது மறுநாள் காலை. முகம் கோணல், ஒரு பக்கக் கை பலவீனம், பேச்சுக் குழறல். இதில் ஒண்ணு திடீர்னு வந்தாலும் உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசிக்குப் பொதுவா 4.5 மணி நேரம்தான் கெடு.

9/ பேச முடியாதவங்க வீட்டில் இருந்தா, ஆமா/இல்லைன்னு பதில் வர்ற மாதிரி கேளுங்க. பொறுமையா, ஒவ்வொண்ணா. அப்பாகிட்ட இதைக் கேட்டு முடிக்க எனக்கு 3 வாரம் ஆச்சு. கார்டு இப்போ அவர் கட்டில் பக்கத்தில் இருக்கு.