தார் சுற்றிய கைகள்

திருத்தணிக்கு மேற்கே பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம் பக்கம் போனால், தெருவுக்குள் நுழையும் முன்பே விசைத்தறிச் சத்தம் காதில் விழுந்துவிடும். எல்லைக்கு அப்பால் நகரியிலும் அதே சத்தம்தான். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. நெசவு இருபுறமும் தொடர்ந்தது. தறியை விட்டு ஓய்ந்த ஒரு முதியவர் இறந்தால் இங்கே சுவரில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுகிறார்கள். தோற்றம், மறைவு, மகன்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் எல்லாம் அதில் இருக்கும். தொழிலைப் பற்றி இருந்தால் ஒரே சொல்: நெசவாளி. நல்ல உழைப்பாளி, நல்ல குடும்பத் தலைவர் என்று அவர் வாழ்க்கையை இரண்டாகப் பிரித்தே நாம் பேசுகிறோம். அப்படிப் பிரிப்பது தவறு என்பதே என் எண்ணம். அவர் உழைத்த இடமே வீடு. உழைத்ததும் வீடு மொத்தமும்.

தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகளான பாவைப் பிணைப்பதைப் பார்த்தால் இது விளங்கும். பழைய பாவின் நுனிகளை விழுதிலும் அச்சிலும் அப்படியே விட்டுவைத்து, புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக அதோடு சேர்க்க வேண்டும். விரலில் சாம்பல் தொட்டு, இரண்டு நுனியையும் ஒரு திருகு, ஒரு மடிப்பு. ஆயிரக்கணக்கான இழைகளுக்கும் இதே வேலை. ஒன்று தவறினாலும் துணி முழுக்கக் கோடு விழும். இதைத் தனியாளாக ஒருவர் செய்து முடிப்பது சிரமம். குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் நூல்குச்சியான தாரைச் சுற்றித் தருவதும் வேறொரு கைதான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு நாடு முழுக்க ஏறத்தாழ 35 லட்சம் பேரைக் காட்டியது. அதில் எட்டரை லட்சம் பேர் நெய்கிறவர்கள் அல்ல, தார் சுற்றுவது போன்ற சார்பு வேலை செய்கிறவர்கள். ஆனால் அந்த முதியவருக்குத் தார் சுற்றித் தந்த மனைவியைக் கேட்டால், வீட்டில் சும்மா இருப்பதாகத்தான் சொல்வார்.

விசைத்தறி வந்தபின் இதெல்லாம் போய்விட்டதே என்று சொல்லலாம். பாதி சரி. தறியை மோட்டார் ஓட்டுகிறது. அதற்கு 2006 முதல் தமிழக அரசு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் மின்சாரத்தை இலவசமாகத் தந்தது, இப்போது 1,000 யூனிட். தார் சுற்றவும் மோட்டார் உண்டு. ஆனால் குச்சியை மாட்டவும், நிரம்பியதை எடுக்கவும், அறுந்த இழையை முடியவும் ஆள் வேண்டும். அது பெரும்பாலும் வீட்டுப் பெண்தான். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: குடும்பமே உழைத்தது என்று புகழ்வது, பள்ளிக்குப் போகும் முன் தார் சுற்றிய பிள்ளையையும் புகழ்வதாகாதா? 1986-ன் குழந்தைத் தொழிலாளர் சட்டமே குடும்பத் தொழிலுக்கு விலக்குக் கொடுத்தது. 2016 திருத்தமும் பள்ளி நேரத்துக்கு வெளியே உதவலாம் என்று விட்டுவைத்தது. இந்த மறுப்பை நான் ஏற்கிறேன். அதனாலேயே அந்தப் பிள்ளையின் உழைப்பையும் மறைக்காமல் எழுத வேண்டும் என்கிறேன். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போனதில் வருந்த ஒன்றுமில்லை. அந்த முதியவர் தறியில் உட்கார்ந்ததே அதற்காகத்தான். விட்டுப்போகும் கணக்கு மனைவியுடையது. காரியம் முடிந்த சில நாட்களில், சுவரொட்டி வெளுக்கும் முன்பே, பக்கத்து வீட்டுத் தறிக்குக் கூலிக்குத் தார் சுற்ற உட்கார்ந்துவிடுகிற பெண்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள்.