கைமாற்று

கைமாற்று என்றதும் தங்களுக்கு மாதக் கடைசி ஞாபகம் வரலாம். நான் சொல்ல வந்தது அந்தக் கைமாற்று அல்ல. என் வீட்டு இசைத்தட்டு இயந்திரத்துக்குக் கை மாற்றிய கதை. அதற்கு என் மனைவியிடமே கைமாற்று வாங்க நேர்ந்ததால், இரண்டும் ஒன்று என்று வைத்துக் கொண்டாலும் பாதகமில்லை.

"இந்தக் காலத்தில் இசைத்தட்டா?" என்று தாங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. உலகத்துச் சங்கீதமெல்லாம் கைபேசிக்குள் புகுந்துவிட்டது, வாஸ்தவம்தான். ஆனால் என் தகப்பனார் விட்டுச் சென்ற ஆஸ்தி அறுபது இசைத்தட்டுகள். அவற்றில் ஒரு நாகஸ்வரத் தட்டு அம்மாவுக்கு உயிர். கைபேசியில் அதே தோடியைப் போட்டுக் காட்டினேன். "யாரோ நன்றாகத்தான் வாசிக்கிறார்" என்று சொல்லி எழுந்து போய்விட்டாள்!

என்னிடம் இருப்பது தோரன்ஸ் டி.டி. 160. 1972-ல் வெளிவந்த மாதிரி. இதில் ஒரு விசேஷம் உண்டு. சுழலும் தட்டும், முள்ளைத் தாங்கும் கையும் ஒரே உலோகச் சட்டத்தில் இருக்கும். அந்தச் சட்டம் மூன்று சுருள்வில்களின் மேல் மிதக்கும். மோட்டார் தனியே நின்று, ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும். அமெரிக்கரான எட்கர் வில்ச்சர் 1961-ல் 'அக்கூஸ்டிக் ரிசர்ச்' இயந்திரத்தில் கையாண்டு பிரபலமாக்கிய முறை இது. தூளியில் கிடக்கும் குழந்தைக்கு வீட்டுச் சந்தடி எட்டாது அல்லவா? அதே தத்துவந்தான்.

அதன் பழைய கை தேய்ந்து, மூட்டு ஆடத் தொடங்கியது. நாகஸ்வரம் உச்சஸ்தாயிக்குப் போனால் கரகரத்தது. புதுக் கை வாங்கத் தீர்மானித்தேன். கடையில் பளபளவென்று ஒரு கை இருந்தது. நல்ல கனம், பின்புறம் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஓர் எடைக்குண்டு. "கனமாக இருந்தால் கெட்டியாக இருக்கும்" என்றார் கடைக்காரர். வெண்கலப் பானை வாங்குகிற மாதிரி நானும் தலையை ஆட்டி வாங்கி வந்துவிட்டேன்.

மாட்டிய அன்றே விபரீதம் ஆரம்பமாயிற்று. கை இருந்த பக்கத்துச் சுருள்வில் அமுங்கிச் சட்டம் சாய்ந்தது. நட்டைத் திருகிச் சரி செய்தேன். அப்புறந்தான் பெரிய வினை. நாங்கள் இருப்பது லண்டனில், நூறு வயது தாண்டிய வீடு. தரை முழுவதும் மரப்பலகை. அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு கூடத்துக்குள் நாலு அடி வைத்தால் போதும், முள் துள்ளி இரண்டு ஆவர்த்தனம் தாண்டிப் போய் உட்காரும்!

"அம்மா, மெதுவாக!" என்று நான் கத்துவேன். முதல் நாள் அவள் சிரித்தாள். "ஏண்டா, நான் நடந்தால் நாகஸ்வரக்காரருக்குக் கோபம் வருகிறதோ?" என்றாள். இரண்டாம் நாள் சுவரைப் பிடித்துக் கொண்டு வந்தாள். ஒரு வாரம் கழித்துப் பார்க்கிறேன், தோடி கூடத்தில் ஒலிக்கிறது. அம்மாவோ நடையில், மாடிப்படியின் கீழ்ப்படியில், குளிரில் உட்கார்ந்து கேட்டுக் கொண்டிருக்கிறாள். "உள்ளே வந்தால் தட்டு கெட்டுவிடும் என்றாயே" என்றாள். என் மனத்தில் சுருக்கென்றது. யாருக்காக இந்த இயந்திரம்?

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கடைக்குப் போகுமுன் போட்டிருக்க வேண்டிய கணக்கு! தாங்களும் குறித்துக் கொள்ளலாம். முள்ளின் முனை உணரும் கையின் எடை, கார்ட்ரிட்ஜின் எடை, திருகாணிகளின் எடை, இம்மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். கார்ட்ரிட்ஜின் நெகிழ்ச்சி எண்ணால் பெருக்கி, வர்க்கமூலம் கண்டு, அதனால் 159-ஐ வகுங்கள். கையும் முள்ளும் சேர்ந்து எந்த வேகத்தில் ஆட விரும்புகின்றன என்பது ஹெர்ட்ஸில் வந்துவிடும். அது 8-க்கும் 12-க்கும் நடுவே இருப்பது உத்தமம். அதற்கு மிகவும் கீழே போனால், அப்பளம் போல் நெளிந்த தட்டும் காலடி அதிர்வும் கையை ஆட்டி வைக்கும். மேலே ஏறினால் சங்கீதத்தின் கீழ்ஸ்வரங்களில் தலையிடும்.

என் கார்ட்ரிட்ஜ் ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட். எடை 7.2 கிராம், நெகிழ்ச்சி 20. திருகாணிகள் சுமார் 0.8 கிராம். நான் வாங்கிய கையோ 20 கிராம். ஆகக் கூடி 28, விடை 6.7! கீழே சுருள்வில்களும் இன்னும் நிதானமாக ஆடக் கூடியவை. தரை ஆட, வில் ஆட, கையும் சேர்ந்து ஆடியது. பாவம், அம்மாவின் மேல் என்ன குற்றம்?

பளபளப்பான கையைப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டு, பழைய ரேகா ஆர்.பி. 300 ஒன்றைத் தேடிப் பிடித்தேன். 1983-ல் வெளிவந்தது. குழாயும் தலையும் ஒரே வார்ப்பு. முள் உணரும் எடை சுமார் 11 கிராம். மொத்தம் 19 ஆகிறது, விடை 8.2. தட்டின் நடு அச்சுக்கும் கையின் மூட்டுக்கும் சரியாக 222 மில்லிமீட்டர் இருக்கும்படி புதுப் பலகையில் துளையிட்டேன். சட்டத்தை அழுத்தி விட்டால் கோணாமல் நேராக மேலும் கீழும் ஆடும்வரை நட்டுகளைத் திருகினேன். கையிலிருந்து வரும் கம்பியைத் தளர்த்திவிட்டேன். அது இறுகி நின்றால் வில்லின் வேலையைக் கெடுத்துவிடும்.

கடைசியாகச் செய்ததுதான் மிகவும் சொற்பச் செலவு. இயந்திரத்தைத் தரையில் நின்ற மேஜையிலிருந்து எடுத்து, செங்கல் சுவரில் பலகை அடித்து அதன் மேல் வைத்தேன். மரத்தரையின் ஆட்டம் அதை எட்டவில்லை. இதை முதலிலேயே செய்திருந்தால் பாதித் தொல்லை தீர்ந்திருக்கும் என்று என் மனைவி சொன்னாள். மறுக்க முடியவில்லை.

பிறகு அம்மாவைக் கூப்பிட்டேன். வாசற்படியிலேயே தயங்கி நின்றாள். "தைரியமாக வா" என்றேன். தடி டொக், டொக் என்று பலகையில் விழுந்தது. நான் மூச்சைப் பிடித்துக் கொண்டிருந்தேன். தோடி பிசகவில்லை. அம்மா தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்து, தடியை ஓரமாகச் சாய்த்துவிட்டு, விரலால் தாளம் போட ஆரம்பித்தாள்.

ஆகவே வாசகர்களே, கை வாங்கப் போகிறவர்கள் கடைக்குப் போகுமுன் வீட்டுத் தரையையும், அதில் நடமாடுகிறவர்களையும் ஒரு தடவை பார்த்துக் கொள்ளுங்கள். என் மனைவியிடம் வாங்கிய கைமாற்றை இன்னும் திருப்பித் தரவில்லை. அவள் கேட்கிற சமயங்களில் நான் தோடியைச் சற்று உரக்க வைத்துவிடுகிறேன்.