அப்பாயி இடிக்க விடாத அடுப்பு

இரண்டாம் வருசம் புவியியல் வகுப்பில் ஒருநாள் சேர் திரையில் ஒரு வரைபடம் போட்டார். 1800 தொடக்கம் இன்றுவரை உலகம் எந்த எரிபொருளை எவ்வளவு பாவித்திருக்கிறது என்பதுதான் படம். அடியில் விறகு. அதற்கு மேல் நிலக்கரி, பிறகு எண்ணெய், எரிவாயு, நீர்மின், அணு. உச்சியில் நூல் மாதிரி காற்றும் சூரியனும். "விறகு யுகம் முடிந்து நிலக்கரி யுகம், அது முடிந்து எண்ணெய் யுகம்" என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன். உயர்தரத்துக்கும் அப்படித்தான் பாடமாக்கியிருந்தேன்.

இரவு விடுதியில் படத்தைத் திரும்பப் பார்த்தபோதுதான் உறைத்தது. அடியில் இருந்த அந்த விறகுப் பட்டை எங்கேயும் முடியவே இல்லை.

எங்கள் வீடு பட்டிப்பொல பக்கம், ஒரு தோட்டத்து லயத்தில். இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் எங்களுடையது, 1,891 மீற்றர். ஜனவரியில் விடிய எழும்பினால் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கும். இங்கே அடுப்பு சமைக்க மட்டுமில்லை, குளிர்காயவும்தான். எங்கள் குசினியில் ஒரு மூலையில் மண் அடுப்பு, பக்கத்தில் கேஸ் அடுப்பு, மேலே தட்டில் ரைஸ் குக்கர், கதவுக்குப் பின்னால் லாம்பெண்ணெய் கேன். சேர் காட்டிய இருநூறு வருசமும் ஒரே அறையில், ஒன்றும் வெளியே போகாமல்.

கேஸ் வந்த புதிதில் மண் அடுப்பை இடிக்கச் சொல்லி அப்பாயியோடு சண்டை பிடித்தவள் நான்தான். புகையில் அம்மா இருமுவதைக் கேட்டுக்கொண்டுதான் படிப்பேன். அப்பாயி அசையவில்லை. "ஒன் சிலிண்டரு கடையில இருக்கு புள்ள. என் வெறகு மலையில இருக்கு" என்றார். படிக்காத ஆளின் பிடிவாதம் என்று நினைத்தேன்.

2022 வந்தது. நாட்டில் டொலர் இல்லை, அதனால் எண்ணெய் இல்லை, கேஸ் இல்லை. 2021 ஒக்டோபர் தொடக்கம்வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2022 ஏப்ரல் கடைசியில் 4,860 ரூபாய். அதுவும் கிடைத்தால்தான். மார்ச் 31 அன்று 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. ஓகஸ்டில் லாம்பெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனது. வரைபடத்தில் மேலே இருந்த பட்டைகள் எங்கள் வீட்டில் ஒவ்வொன்றாகக் கழன்று விழ, கடைசியில் மிஞ்சியது அடியில் இருந்த விறகுதான். அம்மா வேலை முடிந்து வரும்போது கவ்வாத்து மலையில் பொறுக்கிய மிலாறுக் கட்டு தலையில் இருக்கும். அப்பாயி "நான் சொல்லல?" என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் சுட்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமில்லை. ரயிலையே பாருங்கள். 1890களில் இந்த மலைக்கு ரயில் பாதை ஏறியபோது கோச்சியை இழுத்தது கப்பலில் வந்த நிலக்கரி. 1950களில் கனடா கொடுத்த டீசல் எஞ்சின்கள் வந்தன, கரிக்கோச்சி போய்விட்டது. ஆனால் நிலக்கரி போனதா? 2011இல் நுரைச்சோலை அனல்மின் நிலையத்தோடு அது இன்னும் பெரிதாகத் திரும்பி வந்தது, இப்போதும் கப்பலில்தான். தேயிலை ஃபெக்டரியும் அப்படித்தான். ஒரு கிலோ தூளுக்கு ஏறக்குறைய நாலரை கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். மிச்சமெல்லாம் தண்ணீர், அதை வெப்பத்தால் விரட்ட வேண்டும். எழுபதுகளில் உலகச் சந்தையில் எண்ணெய் விலை எகிறிய பிறகு எண்ணெயில் ஓடிய ஃபெக்டரிகள் பல மறுபடி விறகுக்கு வந்தன. இன்றைக்கும் நீங்கள் குடிக்கிற தேத்தண்ணியில் யூக்கலிப்டஸ் விறகின் சூடு இருக்கிறது.

உலகக் கணக்கும் இதையேதான் சொல்கிறது. 1800இல் உலகத்தின் சக்தியில் கிட்டத்தட்ட முழுவதுமே விறகு, சாணம் போன்றவைதான். இன்று அதன் பங்கு பத்தில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் எரிக்கிற அளவைப் பார்த்தால் அன்றைக்கு எரித்ததைப் போல இன்று ஏறக்குறைய இரண்டு மடங்கு! நிலக்கரி 'பழைய' எரிபொருள் என்கிறோம். 2024இல் உலகம் எரித்தது 870 கோடி தொன்னுக்கும் மேல், அதுவரை இல்லாத உச்சம். புதிய எரிபொருள் பழையதைத் துரத்தவில்லை, அதன் தலையில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. சதவீதம்தான் குறைந்தது, சுமை குறையவில்லை.

அந்தச் சுமை யார் தலையில் என்பதைத்தான் வரைபடம் காட்டாது. இந்த மலைத் தண்ணீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று விமலசுரேந்திர 1918இலேயே எழுதினார். லக்ஷபான 1950இல் ஓடத் தொடங்கியது. காசல்ரீ, மவுசாக்கலை, கொத்மலை, 2012இல் மேல் கொத்மலை என்று எங்கள் ஆறுகள் எல்லாம் கொழும்புக்கு வெளிச்சம் கொடுத்தன. எங்கள் லயத்துக்கு கரண்ட் வந்தது அப்பா கல்யாணம் முடித்த பிறகுதான். அம்பேவெலயில் காற்றாடிகள் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே அம்மா இன்றைக்கும் மிலாறு சுமக்கிறார்.

அதற்காக மண் அடுப்பைக் கொண்டாடச் சொல்லவில்லை. வீட்டுப் புகையால் 2020இல் சுமார் 32 லட்சம் பேர் செத்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அம்மாவின் இருமல் அந்தக் கணக்குக்கு வெளியே இல்லை. அப்பாயி சொன்னது சரி, நான் பயந்ததும் சரி. அடுப்பை இடிக்கிற காலம் வரவேண்டும்தான். ஆனால் சிலிண்டர் விலை ஏறினாலும் கரண்ட் போனாலும் அம்மா மலைக்குத் திரும்ப வேண்டியதில்லை என்ற நிச்சயம் அதற்கு முதல் வரவேண்டும்.

போன விடுமுறையில் அடுப்புக்கு மேலே கூரையில் ஒரு புகைபோக்கி வைத்தோம், அப்பாவும் நானும். தகரம் வாங்கியது என் மகாபொல காசில். இருமல் கொஞ்சம் குறைவு என்கிறார் அம்மா. கொப்பியில் எழுதியிருந்த 'முடிந்து' என்ற சொல்லை இரண்டு இடத்திலும் வெட்டிவிட்டேன்.