கார்புரேட்டர் மேல் பழி

பழைய மோட்டார் கார் நடுவழியில் நின்றுவிட்டால், உடனே குற்றவாளிக் கூண்டில் ஏற்றப்படுவது கார்புரேட்டர்தான். பால் திரிந்தாலும் புது மருமகள் மேல் பழி விழுகிறதல்லவா, அதைப் போல! பாவம், அது செய்வது இவ்வளவுதான்: எஞ்சின் உறிஞ்சும் காற்றைக் குறுகலான கழுத்து வழியே விட்டு, அந்த வேகத்தில் பெட்ரோலைத் தூவலாக இழுத்துக் கலந்து அனுப்புகிறது. எடைக்கணக்கில் 1 பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 15 பங்கு காற்று.

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் என் நண்பரிடம் 1978-ஆம் வருஷத்துப் பிரிமியர் பத்மினி ஒன்று இருக்கிறது. தகப்பனார் வாங்கியது. அந்த வீட்டுக் குழந்தைகள் எல்லாரும் ஆஸ்பத்திரியிலிருந்து அதில்தான் வீடு வந்தார்கள். போன வருஷம் அதற்கு ஒரு வியாதி பிடித்தது. பத்துப் பன்னிரண்டு மைல் ஒழுங்காக ஓடும். பிறகு திணறி நின்றுவிடும். கால் மணி கழித்துத் தானாகவே கிளம்பும். ஒரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழுவி ஜெட்டுகளை மாற்றினார்கள். இன்னொன்றில் கார்புரேட்டரையே மாற்றினார்கள். பணம் போயிற்று; வியாதி போகவில்லை. "வித்துடலாம்ப்பா" என்றான் மகன். பழைய இரும்புக்காரர் வந்து விலையும் பேசிவிட்டுப் போனார்.

நான் அங்கே போயிருந்த சமயம், கம்பத்திலிருந்து ஒரு கிழ மெக்கானிக் வந்தார். பானெட்டைத் திறக்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து விசாரணையை ஆரம்பித்தார்.

"நிக்கும்போது வெளக்கு அணைஞ்ச மாதிரி பட்டுன்னு நிக்குதா, விக்கி விக்கி நிக்குதா தம்பி?"

"விக்கித்தாண்ணே நிக்குது."

பட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரக் கோளாறு; காயில், கண்டென்சர், பாயிண்ட் இவற்றைப் பார்க்க வேண்டும். விக்கி நின்றால் பெட்ரோல் பஞ்சம்.

"ஆக்ஸிலேட்டர்லருந்து காலை எடுத்தா அணையுதா?"

"இல்லண்ணே, ஓடிக்கிட்டிருக்கும்போதுதான்."

ஆகவே, மெதுவோட்டத்துக்கான ஜெட் விடுதலை ஆயிற்று.

"குமுளி ஏத்தத்துல மட்டுமா?"

"சமரோட்டுலயும் நிக்குதுண்ணே."

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கு மலையேறும்போது, சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிவிடுவது உண்டு. பம்ப்பில் ஆவி அடைத்துக்கொள்ளும், பெட்ரோல் ஏறாது. அந்தக் காலத்து டிரைவர்கள் பம்ப்பின் மேல் ஈரத்துணி சுற்றிக்கொண்டு போனது அதற்காகத்தான்.

மறுநாள் காலை மூன்று பேரும் தேனி ரோட்டில் புறப்பட்டோம். சின்னமனூரைத் தாண்டியதும் வண்டி விக்கி நின்றது. கிழவர் ஈரத்துணியைப் பம்ப்பின் மேல் போட்டு, நீரும் வார்த்து, ஸ்டார்ட் செய்யச் சொன்னார். கிளம்பவில்லை. "அப்ப ஆவி இல்ல" என்று சொல்லிவிட்டு, பின்பக்கம் போய்ப் பெட்ரோல் டாங்க்கின் மூடியைத் திருகினார். 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு! நாலைந்து சுற்றில் எஞ்சின் பிடித்துக்கொண்டது.

"மூடி எப்ப மாத்துனீங்க?"

"பழசு தொலைஞ்சுபோச்சுண்ணே. போன வருஷம் வேற வாங்கிப் போட்டேன்."

அதில்தான் மர்மம். பெட்ரோல் வெளியேற வெளியேற, அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். பழைய மூடியில் அதற்குத் துளை இருந்தது, புதியதில் இல்லை. உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பெட்ரோலை விட மறுத்தது. கால் மணி நின்றால் இடுக்கு வழியே காற்றுக் கசிந்து, வண்டி மறுபடி கிளம்பியது. பம்ப்பும் கார்புரேட்டரும் என்ன செய்யும்?

துளையுள்ள மூடி வந்தது. இரும்புக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லி அனுப்பியாயிற்று. மூலையில் சாக்கில் கிடந்த பழைய கார்புரேட்டரை எடுத்துத் துடைத்து, "இது மேல ஒரு குத்தமும் இல்ல தம்பி, பத்திரமா வைங்க" என்றார் கிழவர்.

இப்போதைய கார்கள் தங்கள் நோயில் பாதியைக் கம்ப்யூட்டரிடம் தாங்களே சொல்லிவிடுகின்றன. 2020 ஏப்ரலில் பாரத் 6 புகை விதி வந்த பிறகு, பெரும்பாலான புது மோட்டார் சைக்கிள்களில்கூடக் கார்புரேட்டர் இல்லை. பத்மினி வாய் திறந்து பேசாது. கேட்கத் தெரிந்தவர் வர வேண்டும். கிழவருக்கு எழுபது தாண்டிவிட்டது. பக்கத்தில் நின்று அந்தக் கேள்விகளைக் கற்றுக்கொள்ளும் பையன் அவருடைய பட்டறையில் ஒருவனும் இல்லை. நண்பரின் கவலை தீர்ந்தது. என் கவலை அதுதான்.